நான் பார்க்காத நூல்

என் ஆய்வேட்டின் 14ஆம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. எழுதி முடித்ததும் எனக்கே ரொம்பப் பிடித்துப்போன பத்தி. ஸ்பினாச் கீரையில் இரும்புச்சத்து அள்ள அள்ளக் குறையாது என்று உலகம் நம்பியதற்குக் காரணம், 1870இல் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்ததுதான். அதனால் உள்ள அளவு பத்து மடங்கானது. 1930களில்தான் பிழை வெளியே வந்தது. அதற்குள் கார்ட்டூன் மாலுமி பாப்பாய் டப்பா டப்பாவாகத் தின்று தீர்த்துவிட்டான். உணவு பற்றிய அறிவுரைகள் எப்படிப் பரவுகின்றன என்பதுதான் என் ஆய்வு. அதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? பத்தியின் முடிவில் அந்த 1870ஆம் ஆண்டு நூலையே மேற்கோளாகப் போட்டிருந்தேன், பக்க எண்ணுடன்.

வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். மேற்கோளைச் சுற்றிப் பென்சிலால் ஒரு சின்ன வட்டம்.

“இதைப் பார்த்தீர்களா?”

“படித்திருக்கிறேன் சார்.”

“கதையைப் படித்திருப்பீர்கள். இந்த நூலைப் பார்த்தீர்களா?”

எனக்கு ஜெர்மன் தெரியாது. நூல் எந்த நூலகத்தில் இருக்கிறது என்பதும் தெரியாது. வேறொரு கட்டுரையின் துணைநூற்பட்டியலிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன், பக்க எண் உட்பட. “இல்லை சார்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, “சரி, அடுத்த இயலுக்குப் போவோம்” என்றார். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

திருத்தங்கள் செய்யக் கொடுத்த அவகாசத்தில் அந்த ஒரு வரியின் பின்னால் போனேன். நூல் கிடைக்கவில்லை. ஆனால் கதை எங்கிருந்து புறப்பட்டது என்பது தெரியவந்தது. டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்ற இரத்தவியல் மருத்துவர் 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் அறிவியல் மோசடிகளைப் பற்றிச் சுவாரசியமாக ஒரு கட்டுரை எழுதினார். அதில் தசமப் புள்ளிக் கதையும் வருகிறது. எங்கிருந்து எடுத்தார் என்பதற்கு ஆதாரம் எதுவும் தரவில்லை. 2010இல் மைக் சட்டன் என்ற குற்றவியலாளர் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். தசமப் புள்ளி இடம் மாறியதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, 1932ஆம் ஆண்டுப் படக்கதையில் பாப்பாய் ஸ்பினாச்சை உயர்த்திப் பேசுவது விட்டமின் ஏ-க்காக. இரும்புக்காக இல்லை. 2014இல் ஓலே பியோர்ன் ரெக்டால் என்ற நார்வே ஆய்வாளர், ஆய்வுலகில் இப்படி உலவும் கட்டுக்கதைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு இதே ஸ்பினாச்சைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஆக, பிழை எப்படிப் பரவுகிறது என்று பாடம் எடுக்கப்போய் நானே ஒரு பிழையைப் பரப்பிக்கொண்டிருந்தேன்.

(போகிற போக்கில் ஒன்று. தமிழ்ச் சுருக்கத்தில் ஸ்பினாச்சைப் ‘பசலைக்கீரை’ என்று எழுதியிருந்தேன். பசலை என்பது வேறு செடி, கொடியாகப் படர்வது. அகராதி ஒன்று அப்படிச் சொன்னது, நானும் நம்பினேன். அதை யாரும் வட்டமிடவில்லை.)

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது மற்றவர்களின் ஆய்வேடுகளில் மேற்கோள் சரிபார்ப்பதுதான் என் வேலை. புள்ளி, காற்புள்ளி, ஆண்டு, பக்க எண் பார்ப்பதாகச் சொல்லித்தான் காசு வாங்குகிறேன். உள்ளபடிக்கு நேரமெல்லாம் போவது வேறொன்றில்: இது என்ன வகையான மூலம், இந்த வேலைக்கு இது ஆகுமா என்று பார்ப்பதில்.

வகை என்றதும் எல்லோரும் ஒப்பிப்பது முதன்மை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை. தமிழ் படித்தவர்களுக்கு உடனே நன்னூல் நினைவுக்கு வரும். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பவணந்தியார் அப்போதே பிரித்துவிட்டார் என்று பெருமைப்பட்டுக்கொள்வோம். நானும் பட்டேன். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அவர் சொல்லும் முதல்நூல், வினையின் நீங்கிய அறிவன் கண்டது. அதில் குறை இருக்க வழியில்லை. ஆய்வில் முதன்மை மூலம் என்பதற்கு அந்தப் பெருமை ஏதும் கிடையாது. நாம் விசாரிக்கும் விஷயத்துக்கு மிக அருகில் இருந்தது என்று மட்டுமே பொருள். அருகில் இருந்தவர் பொய் சொல்லலாம், அரைத்தூக்கத்தில் இருந்திருக்கலாம், பிழைப்புக்காக மாற்றி எழுதியிருக்கலாம். ‘முதன்மை’ என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. ‘சிறந்தது’ என்பதுபோல ஒலிக்கிறது, இல்லையா? என்னைக் கேட்டிருந்தால் ‘கிட்டத்து மூலம்’, ‘எட்டத்து மூலம்’ என்றே பெயர் வைத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவி துணைநூற்பட்டியலை மூன்றாகப் பிரித்து அனுப்பியிருந்தார். செய்தித்தாள்கள் எல்லாம் ‘முதன்மை’. புத்தகங்கள் எல்லாம் ‘இரண்டாம் நிலை’. பாடநூல்களும் கலைக்களஞ்சியமும் ‘மூன்றாம் நிலை’. பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. போனில் கேட்டேன்: “இந்தச் செய்தித்தாள் எதற்கு முதன்மை?”

“மேம், செய்தித்தாள் முதன்மைதானே? கைடு சொன்னாங்க.”

அவருடைய ஆய்வு, 1918 இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் பற்றி. அன்றைய நாளிதழ் அந்த நோயைப் பற்றி மக்களிடம் என்ன சொன்னது என்று கேட்டால், அந்த நாளிதழ் முதன்மை மூலம். அந்த ஊரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால், அதே பக்கத்தில் உள்ள அதே செய்தி, எங்கோ கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்லும் இரண்டாம் நிலை மூலம். அதற்கு இறப்புப் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும். கிருமி எது என்று கேட்டால் அந்த நாளிதழ் ஒன்றுக்குமே ஆகாது. அப்போது பல மருத்துவர்கள் ஒரு பாக்டீரியாவைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மனிதரிடமிருந்து இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தது 1933இல்தான். காகிதம் ஒன்று, கேள்வி மூன்று, பதவியும் மூன்று.

அதேபோலத்தான் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூல். ஒளிச்சேர்க்கை பற்றித் தெரிந்துகொள்ள அதை மேற்கோள் காட்டினால் சிரிப்பார்கள். எட்டாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கையை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஆராய்ந்தால் அதைவிடக் கிட்டத்து மூலம் வேறு இல்லை. என் ஸ்பினாச் கதையிலும் இதே கூத்துதான். ரெக்டாலுக்கு, பிழையோடு எழுதிய கட்டுரைகள்தாம் முதன்மை மூலங்கள். அவர் கேட்ட கேள்வி கீரையைப் பற்றியது இல்லை, கட்டுரைகளைப் பற்றியது.

இதை அந்த மாணவியிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம், “அப்படின்னா மூணு தலைப்பையும் எடுத்துடவா?” என்றார். எடுக்க வேண்டாம், கேள்வியை முதலில் எழுதுங்கள் என்றேன். துறைக்குத் துறை வழக்கமும் மாறும். வரலாற்றில் அந்தக் காலத்து ஆவணம் முதன்மை, இலக்கியத்தில் படைப்பே முதன்மை, சட்டத்தில் சட்டமும் தீர்ப்பும், அறிவியலில் தான் செய்த சோதனையைத் தானே விவரிக்கும் கட்டுரை. இதில் குழப்பம் அதிகம் இல்லை. குழப்பம் வருவது ஆய்விதழ் என்ற கட்டடத்துக்குள் நுழைந்த பிறகுதான்.

‘ஆய்விதழில் வந்தது’ என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஒரே இதழில் ஆய்வுக் கட்டுரை இருக்கும், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரை இருக்கும், ஆசிரியர் உரை இருக்கும், நூல் மதிப்புரை இருக்கும், வாசகர் கடிதமும் இருக்கும். மேற்கோளாக எழுதும்போது எல்லாவற்றுக்கும் ஒரே உடைதான்: பெயர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம். உடையைப் பார்த்து ஆளை எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1980ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றுதான் நான் எல்லோருக்கும் காட்டும் உதாரணம்.

நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 1980 ஜனவரியில் வந்தது. ஆசிரியருக்குக் கடிதம். எழுதியவர்கள் போர்ட்டர், ஜிக். மொத்தம் ஐந்தே வாக்கியம். தங்கள் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்ததில், ஓபியம் வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் 4 பேருக்கு மட்டுமே அடிமைத்தனம் பதிவாகியிருந்தது என்கிறார்கள். அவ்வளவுதான். எவ்வளவு நாள் கொடுத்தார்கள், எவ்வளவு அளவு, வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது, எதுவும் இல்லை. ஐந்து வாக்கியத்தில் எங்கே சொல்ல முடியும்? கடிதம் எழுதியவர்கள் சொல்லாததைச் சொன்னதாக யாரும் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

மேற்கோள் பட்டியலில் அது ஒரு வரி. பெயர், தலைப்பு, பெரிய இதழ், ஆண்டு, பக்கம். கடிதம் என்று தெரியாது. தலைப்பு வேறு, மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிது என்று ஆய்வு முடிவுபோலவே இருக்கும். 2017இல் அதே இதழில் சிலர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றில் 439 கட்டுரைகள், அதாவது 72.2 சதவீதம், அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாகவே அதைக் காட்டின. அந்த நோயாளிகள் எல்லாரும் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள் என்பதை 491 கட்டுரைகள், 80.8 சதவீதம், குறிப்பிடவே இல்லை. அதே காலத்தில் அதே இதழில் வந்த மற்ற 11 கடிதங்களை எடுத்துப் பார்த்தால், வரிசையில் நடுவில் நிற்கும் கடிதத்துக்கு 11 மேற்கோள்தான். நீண்டகால வலிக்கு ஓபியாய்டு மருந்துகளை மருத்துவர்கள் தாராளமாக எழுதத் தொடங்கியதற்கும், வட அமெரிக்காவில் மூண்ட அடிமைத்தனப் பேரவலத்துக்கும் இந்த மேற்கோள் சங்கிலியும் துணைபோனது என்பது அவர்களுடைய முடிவு.

அந்த 608 கட்டுரைகளை எழுதியவர்களில் எத்தனை பேர் பக்கத்தைத் திறந்திருந்தாலும், ‘கடிதம்’ என்று கண்ணில் பட்டிருக்கும். படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

திறப்பதே இல்லையா என்று கேட்பீர்கள். 2003இல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் குறும்பான ஒரு வழியில் இதை அளந்தார்கள். பரீட்சையில் காப்பி அடித்தவர்களை ஆசிரியர் எப்படிப் பிடிப்பார்? சரியான விடையை வைத்துப் பிடிக்க முடியாது, ஒரே மாதிரித் தப்பை வைத்துத்தான் பிடிக்க முடியும். அதேபோல, மேற்கோள்களில் உள்ள அச்சுப் பிழைகளைப் பார்த்தார்கள். புகழ்பெற்ற ஒரு இயற்பியல் கட்டுரைக்கு ஏறக்குறைய 4,300 மேற்கோள்கள். அவற்றில் 196இல் பிழை. ஆனால் வெவ்வேறு பிழைகள் 45 மட்டுமே. ஒரு குறிப்பிட்ட பக்க எண் பிழை மட்டும் 78 முறை வந்திருந்தது. 78 பேர் தனித்தனியே அசலைப் பார்த்து ஒரே மாதிரி தவறாகத் தட்டச்சு செய்தார்கள் என்று நம்ப வேண்டுமானால் நம்பலாம். மேற்கோள் காட்டுபவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேர்தான் அசலைப் படிக்கிறார்கள் என்பது அவர்களுடைய கணிப்பு. கணக்கைப் பற்றி வாதிடலாம். நானும் அந்த மீதி 80இல் இருந்தவள் என்பதால் வாய் திறப்பதில்லை.

இதைவிட ஒரு படி மேலே போன கதையும் உண்டு. மேற்கோளை எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக ஒரு பதிப்பகம் மாதிரிக்கு ஒரு கட்டுரைப் பெயரைப் போட்டிருந்தது. ‘அறிவியல் கட்டுரை எழுதும் கலை’ என்ற பொருளில் தலைப்பு, 2000ஆம் ஆண்டு, இல்லாத இதழ் ஒன்றின் பெயர். அப்படிக் கட்டுரையே கிடையாது. அந்தப் பேய் ஏறக்குறைய 400 கட்டுரைகளில் மேற்கோளாக ஏறி உட்கார்ந்திருந்ததை 2017இல் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் மாதிரிப் படிவத்தில் இருந்ததை அழிக்க மறந்ததுதான் காரணம்.

இப்போது பேய்கள் தானாகவே உற்பத்தியாகின்றன. செயற்கை நுண்ணறிவு செயலியிடம் மேற்கோள் கேட்டு வாங்கி ஒட்டியவை வாரம் ஒன்றாவது என் மேஜைக்கு வருகின்றன. எழுதியவர் பெயர் உண்மை, இதழ் உண்மை, தலைப்பு மட்டும் எங்கும் இல்லை. போன மாதம் ஒரு டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரைக்கென்று இணையத்தில் கொடுக்கும் அடையாள எண்ணை, தட்டினேன். மாணவரின் பட்டியல்படி அது வகுப்பறை மௌனத்தைப் பற்றிய கட்டுரை. திறந்தது மீன் செவுள்களைப் பற்றியது. மௌனம் என்ற அளவில் பொருத்தம் இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சரி, ஆய்விதழ் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் பியர் ரிவ்யூ, அதாவது அதே துறை வல்லுநர்களின் மதிப்பீடு, என்ற காவலாளி இருக்கிறார், அவர் பார்த்து உள்ளே விட்டதால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்பது அடுத்த நம்பிக்கை. அந்தக் காவலாளி நாம் நினைப்பதுபோல ஆதியிலிருந்தே நிற்பவர் இல்லை. ராயல் சொசைட்டியின் இதழ் 1665இல் தொடங்கியது. ஆனால் இன்று நாம் சொல்லும் முறையான வெளி மதிப்பீடு பல இதழ்களில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வழக்கமானது. 1953இல் டிஎன்ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன கட்டுரையை நேச்சர் இதழ் வெளி மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பவே இல்லை.

காவலாளி தூங்குவதும் உண்டு. 2013இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து ஒரு போலிக் கட்டுரை தயாரித்தார். லைக்கன் என்ற பாசிக்காளானிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய் செல்லைத் தடுக்கிறது என்று. பெயரையும் சில விவரங்களையும் மாற்றி மாற்றி யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன, 98 நிராகரித்தன.

இன்னொரு பக்கம், காவலாளியைப் பார்க்காமலே உள்ளே வந்த உண்மைகளும் உண்டு. கிரிகோரி பெரெல்மன் என்ற கணிதவியலாளர், பாயின்கரே அனுமானம் என்ற கணிதப் புதிருக்கான நிறுவலை 2002, 2003இல் ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையதளத்தில் ப்ரீபிரிண்டாக, அதாவது இதழ் மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவமாக, போட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. மற்ற கணிதவியலாளர்கள் வருடக்கணக்கில் அதைப் பிரித்து மேய்ந்து சரி என்றார்கள். அதனால் ‘ப்ரீபிரிண்ட் கூடாது’ என்று ஒரே வரியில் சொல்லும் வழிகாட்டிகளிடம் எனக்குச் சண்டை உண்டு. ப்ரீபிரிண்டைப் பயன்படுத்தலாம். ப்ரீபிரிண்ட் என்று எழுதிவிட்டு, எந்தத் தேதிப் பதிப்பு என்பதையும் குறித்துவிட்டு, பிறகு இதழில் வந்திருக்கிறதா, வந்தபோது முடிவு மாறியதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். கடைசி விஷயத்தை யாரும் செய்வதில்லை.

அதைவிட மோசம், திரும்பப் பெற்ற கட்டுரைகள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டு கட்டுரை லான்செட்டில் 1998இல் வந்தது, 12 குழந்தைகளை வைத்து. இதழ் அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல். இடையில் பன்னிரண்டு வருடம். 2009இல் இறக்கி வைத்த பிடிஎஃப் உங்கள் கணினியில் இருந்தால், அதற்கு இந்தச் செய்தி தெரியாது. எந்த முத்திரையும் இல்லாமல் புத்தம் புதிதாக உட்கார்ந்திருக்கும். அதனால் ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரத்தில் முக்கியமான மேற்கோள்களை இணையத்தில் மறுபடி திறந்து பாருங்கள் என்று கெஞ்சுவேன். ரிட்ராக்ஷன் வாட்ச் என்ற தரவுத்தளம் இருக்கிறது, அங்கேயும் தேடலாம். போன வருடம் ஒரு மாணவருக்கு இரண்டு கட்டுரைகள் அப்படிச் சிக்கின. ஒன்று அவருடைய மூன்றாம் இயலின் முதுகெலும்பு. அவர் என்மேல்தான் கோபப்பட்டார்.

கலைக்களஞ்சியங்களையும் விக்கிப்பீடியாவையும் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நுழைவாயில் என்று வைத்துக்கொண்டால் சிறப்பானவை. வாசலிலேயே குடியிருந்தால்தான் சிக்கல். விக்கிப்பீடியாவில் நான் முதலில் போவது அடியில் உள்ள மேற்கோள்களுக்கு. ஒரே ஒரு எச்சரிக்கை. யாரோ ஆதாரமில்லாமல் எழுதிய வரியை ஒரு பத்திரிகையாளர் அவசரத்தில் எடுத்து எழுதுவார், பிறகு அந்தச் செய்தியே விக்கிப்பீடியா வரிக்கு ஆதாரமாக ஏறிவிடும். பாம்பு தன் வாலைக் கவ்வியபடி சுற்றிக்கொண்டிருக்கும்.

இதனால்தான் ‘பத்து இடத்தில் பார்த்தேன்’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பதற்றம் வருகிறது. பத்தும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளா என்பதுதான் கேள்வி. 1983இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. முதன்மை மூலம் என்றால் இதைவிட முதன்மை ஏது? கையெழுத்து நிபுணர்களும் ஒத்துப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். ஒத்துப்போகத்தான் செய்யும். ஒப்பிடக் கொடுத்த ‘ஹிட்லர் கையெழுத்து’ மாதிரிகளிலேயே சில, நாட்குறிப்பை எழுதிய அதே போலி ஆசாமி எழுதியவை. கடைசியில் காட்டிக்கொடுத்தது காகிதம். போருக்குப் பிறகே பயன்பாட்டுக்கு வந்த வெண்மையூட்டும் வேதிப்பொருள் அதில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதோடு, எதில் எழுதியிருக்கிறது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மொழியே காட்டிக்கொடுத்ததும் உண்டு. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நான்காம் நூற்றாண்டில் போப்பாண்டவருக்கு நிலங்களையும் அதிகாரத்தையும் எழுதிக்கொடுத்ததாக ஓர் ஆவணம் இருந்தது. நூற்றாண்டுக்கணக்கில் அதைக் காட்டி உரிமை பேசினார்கள். 1440இல் லொரென்சோ வல்லா அதன் லத்தீனை எடுத்துவைத்துக்கொண்டு, இந்தச் சொற்கள் அந்தக் காலத்தவை இல்லை என்று நிறுவினார். ஆய்வகம் இல்லை, கருவி இல்லை. வரி வரியாகப் படித்தார். என் தொழிலுக்குக் குலதெய்வம் தேவைப்பட்டால் இவரைத்தான் வைத்துக்கொள்வேன்.

நான் செய்வது அவ்வளவு பெரிய வேலை இல்லை. ஆய்வேடு வந்ததும் எக்செல்லில் மேற்கோள்களை வரிசையாக இறக்கி, பக்கத்தில் மூன்று கட்டம் போடுவேன். முதல் கட்டம்: இது என்ன? கடிதமா, ஆய்வா, தொகுப்பா, அறிக்கையா, இன்னொரு ஆய்வேடா. இரண்டாவது: எந்த வரியைத் தாங்க இதை வைத்திருக்கிறார்கள்? மூன்றாவது கட்டத்துக்கு மாணவர்தான் பதில் எழுத வேண்டும்: பார்த்தேன், சுருக்கம் மட்டும் பார்த்தேன், இன்னொருவர் வழியாக. மூன்றாவது கட்டத்தில் பொய் எழுதலாம். ஆனால் ‘பார்த்தேன்’ என்று தன் கையால் தட்டச்சு செய்யும்போது பலருக்கும் கை கொஞ்சம் நிற்கும். நின்ற இடத்தில்தான் வேலை ஆரம்பிக்கும்.

‘இன்னொருவர் வழியாக’ என்பது குற்றமில்லை. அசல் கிடைக்காமல் போகலாம், மொழி தெரியாமல் போகலாம். இன்னார் எடுத்துக்காட்டியபடி இன்னார் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. அது கௌரவக் குறைச்சல் என்று எப்படியோ மாணவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. நானும் அப்படி நினைத்துத்தானே 1870க்குப் பக்க எண் எல்லாம் போட்டேன். கட்டணச் சுவருக்குப் பின்னால் கட்டுரை மாட்டிக்கொண்டால் எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள் என்பேன். நம் கட்டுரையை ஒருவர் படிக்க நினைக்கிறார் என்றதும் பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள். நூலகர்களையும் கேட்கலாம். அவர்களுக்குத் தெரிந்த வழிகள் நம் கற்பனைக்கு எட்டாதவை.

என் 14ஆம் பக்கம் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. பத்தியை வெட்டத்தான் முதலில் நினைத்தேன். பிறகு வெட்டாமல் மாற்றினேன். தசமப் புள்ளிக் கதை, 1981 கட்டுரை, 2010 தேடல் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, நான் பார்த்தவற்றை மட்டும் மேற்கோளாகக் கொடுத்தேன். பழைய பத்தியைவிட நீளம் அதிகம், விறுவிறுப்பு குறைவு.

சென்ற வாரம் ஊட்டச்சத்துத் துறையிலிருந்து ஓர் ஆய்வேடு வந்தது. மூன்றாம் பக்கத்திலேயே ஸ்பினாச், தசமப் புள்ளி, பாப்பாய். மேற்கோளாக என்ன கொடுத்திருக்கிறார் என்று பார்த்தேன். ரெக்டாலின் 2014 கட்டுரை. அந்தக் கதை பொய் என்று விளக்குவதற்காகவே எழுதிய கட்டுரை, கதை உண்மை என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது. மூன்றாவது கட்டத்தில் அந்தப் பையன் ‘பார்த்தேன்’ என்று போட்டிருந்தான்.

கோபம் வரவில்லை. பக்கத்தை அச்செடுத்து, பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு, படம் பிடித்து அனுப்பினேன். இரவு பத்து மணிக்குப் பதில் வந்தது: “அக்கா, தலைப்பைத்தான் பார்த்தேன்.”